பிரவுசர் போட்டி: டீஃபால்ட் இடத்துக்கு ஏன் இத்தனை கோடி? உள்ளேயே இருக்கும் வசதிகள் ஏன் முக்கியம்?

புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்கிறோம். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று விசாரிக்கிறோம். உள்ளே என்ன பிரவுசர் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வந்ததை அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறோம்.

ஆனா, தேர்வு ரிசல்ட், பேங்க் வேலை, அரசு சான்றிதழ் என தினமும் எத்தனையோ விஷயங்கள் அந்த ஒரு ஆப் வழியாகத்தான் போகின்றன. உங்கள் பாஸ்வேர்டை நினைவில் வைத்திருப்பது பிரவுசர். போலி இணையதளத்தைப் பார்த்து எச்சரிப்பது பிரவுசர். உங்களைப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களைத் தடுப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்று முடிவு செய்வதும் அதே பிரவுசர்தான்.

இந்த ஆப்பைக் கையில் வைத்துக்கொள்ள சுமார் 30 ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் மோதி வருகின்றன. வழக்கு, அபராதம், பல்லாயிரம் கோடி ரூபாய் ஒப்பந்தம் என்று கதை நீள்கிறது. யார் ஜெயித்தால் நமக்கு என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பிரவுசருக்குள் என்ன இருக்கிறது?

எந்த பிரவுசரையும் இரண்டு பகுதியாகப் பிரிக்கலாம். ஒன்று இன்ஜின். இணையதளத்தின் கோடைப் படித்து எழுத்து, படம், பட்டன் என்று திரையில் வரைந்து காட்டுவது இதன் வேலை. இன்னொன்று, இன்ஜினைச் சுற்றி இருக்கும் வசதிகள். டேப், புக்மார்க், பாஸ்வேர்ட் சேமிப்பு, பாப்-அப் தடுப்பு, மொழிபெயர்ப்பு எல்லாம் இதில் வரும்.

இன்று பரவலாகப் பயன்படும் இன்ஜின்கள் மூன்றுதான். கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. குரோம் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்ட் எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகியவையும் கூகுளின் குரோமியம் அடித்தளத்தில்தான் இயங்குகின்றன.

இன்ஜின் ஒன்றே என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? சுற்றி இருக்கும் வசதிகளில்தான். அதனால்தான் இன்றைய போட்டியே அங்கு நடக்கிறது.

முதல் சண்டை எப்படி முடிந்தது?

1994-ல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் முதல் பெரிய வெற்றி. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தது. அதை இலவசமாகக் கொடுத்தது, பிறகு விண்டோஸுடன் சேர்த்தே கொடுத்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பிரவுசர் ஏற்கனவே இருக்கிறது. வேறொன்றைத் தேடிப்போக அவசியம் என்ன?

நெட்ஸ்கேப் சரிந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று 2000-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் 2001-ல் அந்த உத்தரவு ரத்தானது, பிறகு சமரசத்தில் முடிந்தது. அதற்குள் சந்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கையில் போய்விட்டது. உச்சத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான்.

போட்டி போனதும் என்ன நடந்தது?

2001-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. அடுத்த பதிப்பான 7 எப்போது வந்தது தெரியுமா? 2006 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள்!

அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு இணையதளத்தைத் திறந்தால் நாலு பாப்-அப் விளம்பரங்கள் குதிக்கும். மூட மூட இன்னொன்று வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி விண்டோ. அதைச் சரிசெய்யும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. சரிசெய்ய வேண்டிய கட்டாயம்தான் மைக்ரோசாஃப்டுக்கு இல்லை.

நார்வே நாட்டின் ஓபரா பிரவுசரில் ஒரே விண்டோவில் பல பக்கங்களைத் திறக்கும் வசதி 1990-களிலேயே இருந்தது. ஆனால் 2005 வரை ஓபராவைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் அதிலேயே வரும் விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதனால் பலருக்கும் போய்ச் சேரவில்லை.

நிலைமையை மாற்றியது ஃபயர்பாக்ஸ். நெட்ஸ்கேப் 1998-ல் வெளியிட்ட கோடில் இருந்து உருவான மொசில்லா திட்டம், 2004 நவம்பர் 9-ல் ஃபயர்பாக்ஸ் 1.0-வை வெளியிட்டது. டேப் வசதி, பாப்-அப் தடுப்பு, தேடல் பெட்டி மூன்றும் உள்ளேயே இருந்தன. எதையும் தனியாகப் போட வேண்டியதில்லை. மக்கள் மாறத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டு, 7-வது பதிப்பில் டேப் கொடுத்தது.

இந்தக் கதையின் பாடம் எளிமையானது. வசதி எங்கோ ஒரு மூலையில் பிறக்கும். ஆனால் எல்லோருடைய பிரவுசருக்கும் அது வந்து சேர வேண்டும் என்றால், பெரிய நிறுவனத்துக்குப் பயனர்களை இழக்கும் பயம் இருக்க வேண்டும்.

குரோம் ஜெயித்தது எப்படி?

2008 செப்டம்பர் 2-ல் குரோம் வந்தது. வேகமான ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின், ஒவ்வொரு டேபையும் தனித்தனியாக இயக்கும் முறை, பின்னணியில் தானாகவே அப்டேட் ஆகும் வசதி ஆகியவை அதன் பலம். ஒரு டேப் செயலிழந்தாலும் மொத்த பிரவுசரும் விழாது. முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி. இன்று சாதாரணமாகத் தெரியும் இவை அன்று பெரிய மாற்றம்.

ஆனால் தரம் மட்டுமே காரணம் இல்லை. கூகுள் தேடல் பக்கத்திலேயே குரோமுக்கு விளம்பரம், ஆண்ட்ராய்டு போன்களில் முன்கூட்டியே இன்ஸ்டால் என்று இரண்டும் சேர்ந்தன. இன்று உலக அளவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பயன்பாடு குரோம்தான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-ல் ஓய்வு பெற்றது.

எக்ஸ்டென்ஷன் போட்டால் போதாதா?

பிரவுசரில் ஒரு வசதி இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளலாமே என்று பலரும் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் அது உண்மைதான். ஆயிரக்கணக்கான எக்ஸ்டென்ஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி இருப்பதில் உள்ள சிக்கலைக் கடந்த சில ஆண்டு சம்பவங்களே காட்டுகின்றன.

2017 நவம்பர்: ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய முறையில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் அனைத்தும் வேலை செய்வதை நிறுத்தின. வேகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் எடுத்த முடிவு என்றாலும், அவற்றையே நம்பியிருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

2019 மே: மொசில்லாவின் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானது. விளைவு, உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் திடீரென முடங்கின. விளம்பரத் தடுப்பு, பாஸ்வேர்ட் மேலாளர் எதுவும் இல்லை.

2021 பிப்ரவரி: பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும் 'தி கிரேட் சஸ்பெண்டர்' எக்ஸ்டென்ஷனை, தீங்கான கோட் இருப்பதாகக் கூறி கூகுள் நீக்கியது. அதை உருவாக்கியவர் முந்தைய ஆண்டே வேறொருவருக்கு விற்றுவிட்டிருந்தார். லட்சக்கணக்கான பயனர்களில் பலருக்கு அந்த விஷயமே தெரியாது.

2024 டிசம்பர்: சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனிலேயே ஹேக்கர்கள் புகுந்தார்கள். ஊழியர் ஒருவரை ஏமாற்றி அனுமதி பெற்று, தீங்கான அப்டேட்டை வெளியிட்டார்கள்.

பிரச்சினையின் வேர் எங்கே? பல எக்ஸ்டென்ஷன்கள், நீங்கள் திறக்கும் எல்லா இணையதளத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. நாம் யோசிக்காமல் 'சரி' கொடுத்துவிடுகிறோம். வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரிதான். இன்று நல்லவர் கையில் இருக்கும் சாவி, நாளை யாரிடம் போகும் என்பது நமக்குத் தெரியாது.

டேப்களைத் தூங்கவைக்கும் அதே வசதியை எட்ஜ் 2021-ல் உள்ளேயே சேர்த்தது. பிறகு குரோமிலும் 'மெமரி சேவர்' என்ற பெயரில் வந்தது. இப்போது அதற்காக முகம் தெரியாத யாருக்கும் சாவி கொடுக்க வேண்டியதில்லை. உள்ளேயே இருக்கும் வசதியின் உண்மையான மதிப்பு இதுதான்.

போனில் கதையே வேறு!

மொபைலில் பிரவுசிங் செய்பவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். ஏன்னா, ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. கூகுள் என்ன கொடுக்கிறதோ அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் 2023 டிசம்பரில் இருந்து நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களைப் போட முடிகிறது. சாம்சங் இன்டர்நெட்டில் விளம்பரத் தடுப்பு ஆப்களை இணைக்கலாம். பிரேவ், ஓபரா, விவால்டி ஆகியவற்றில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது.

ஐபோனில் இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. எந்தப் பெயரில் பிரவுசர் வந்தாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் இன்ஜின்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய யூனியனின் புதிய சட்டத்தால் 2024-ல் அங்கு இந்த விதி தளர்ந்தது. எந்த பிரவுசர் வேண்டும் என்று பயனரிடமே கேட்கும் திரையும் அங்குள்ள ஐபோன்களில் காட்டப்படுகிறது.

விளம்பரத்தில் சம்பாதிப்பவர் தடுப்பாரா?

உள்ளே எந்த வசதி வரும் என்பதை முடிவு செய்வதில், அந்த நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு. இதற்கு நல்ல உதாரணம் மூன்றாம் தரப்பு குக்கீ.

ஒரு இணையதளத்தில் செருப்பு பார்த்தால், அடுத்து எங்கே போனாலும் செருப்பு விளம்பரம் துரத்துகிறது அல்லவா? அதற்குப் பயன்படும் முக்கியக் கருவிகளில் ஒன்று இது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் இதை முழுமையாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ், ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் அடைக்கும் முறையை 2022-ல் டீஃபால்ட் ஆக்கியது.

குரோம்? இரண்டு ஆண்டுகளில் நிறுத்துகிறோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பிறகு பலமுறை தள்ளிப்போட்டது. 2024-ல் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத் துறையும் ஒழுங்குமுறை அமைப்புகளும் எழுப்பிய கவலைகள் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. எது எப்படியோ, கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்தில் இருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் விதிகளையும் குரோம் மாற்றியது. பாதுகாப்புக்காக என்று கூகுள் சொல்கிறது. ஆனால் அதனால், புகழ்பெற்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின் குரோமில் செயல்பட முடியாமல் போனது. வசதி குறைந்த 'லைட்' பதிப்பு மட்டும் கிடைக்கிறது. ஃபயர்பாக்ஸில் முழுப் பதிப்பு தொடர்கிறது.

டீஃபால்ட் இடத்துக்கு என்ன விலை?

பிரவுசர்களிலும் போன்களிலும் டீஃபால்ட் தேடுபொறியாக இருப்பதற்காக 2021-ல் மட்டும் கூகுள் 26.3 பில்லியன் டாலர் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளியான தொகை இது. செட்டிங்ஸை யாரும் மாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கப்படும் விலை என்றே சொல்லலாம்.

தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வருகிறது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். குரோமை விற்க உத்தரவிட வேண்டும் என்று அமெரிக்க அரசு கேட்டது. 2025 செப்டம்பர் 2-ல் வந்த உத்தரவில் அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆனால் பிரத்யேக ஒப்பந்தங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. குரோமுக்குப் போட்டியான ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடலுக்காக கூகுள் கொடுக்கும் பணம். எதிராளியின் காசில்தான் போட்டியே நடக்கிறது.

அந்த ஃபயர்பாக்ஸும் தன் பங்குக்குச் சறுக்கியிருக்கிறது. டேப்களைக் குழுவாகப் பிரிக்கும் வசதியை 2011-ல் ஃபயர்பாக்ஸ் 4-லேயே கொடுத்தது. பயன்படுத்துபவர்கள் குறைவு என்று 2016-ல் நீக்கியது. 2020-ல் குரோம் அதே மாதிரி வசதியைக் கொண்டுவந்தது. பயனர்கள் கேட்டுக் கேட்டு, 2025-ல்தான் ஃபயர்பாக்ஸில் அது திரும்ப வந்தது. ஓபராவும் 2013-ல் குரோமியத்துக்கு மாறியபோது பல பழைய வசதிகளைக் கைவிட்டது. அந்த ஏமாற்றத்தில் இருந்துதான், ஓபராவின் இணை நிறுவனர் யோன் வான் டெட்ஸ்னர் விவால்டி பிரவுசரைத் தொடங்கினார்.

இந்தியாவில் என்ன நிலைமை?

2ஜி காலத்தில் இந்தியர்கள் பிரவுசரைத் தேர்வு செய்தது டேட்டா செலவைப் பார்த்துத்தான். ஓபரா மினியும் யூசி பிரவுசரும் இணையப் பக்கத்தை முதலில் தங்கள் சர்வருக்கு வரவழைத்து, சுருக்கி, பிறகு போனுக்கு அனுப்பின. குறைந்த டேட்டாவில் வேகமாகத் திறந்தது. யூசி பிரவுசர் ஒரு கட்டத்தில் இந்திய மொபைல்களில் குரோமையே முந்தி நின்றது. உள்ளேயே இருந்த டவுன்லோட் வசதியும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் வசதிக்கு இன்னொரு முகமும் இருந்தது. யூசி பிரவுசர் பயனர்களின் தகவல்களைப் பாதுகாப்பில்லாமல் அனுப்புவதாக, கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் 2015-ல் தெரிவித்தது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களில் யூசி பிரவுசரும் ஒன்று.

ஆண்ட்ராய்டு விஷயத்தில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குரோம் உள்ளிட்ட ஆப்களை முன்கூட்டியே இன்ஸ்டால் செய்ய வைப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

உள்நாட்டு பிரவுசரை உருவாக்க மத்திய அரசு நடத்திய போட்டியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் 'உலா' 2025 மார்ச்சில் முதல் பரிசு பெற்றது. பரிசுத்தொகை ஒரு கோடி ரூபாய். 2023-ல் அறிமுகமான இதுவும் குரோமியத்தில் உருவானதுதான். வேலை, குழந்தைகள் எனத் தனித்தனி மோட்களும், பின்தொடர்வதைத் தடுக்கும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன.

அப்படியென்றால் எல்லாமே உள்ளேயே இருக்க வேண்டுமா?

அதுவும் சரியல்ல. பயனருக்கு உதவும் வசதி வேறு, நிறுவனத்துக்கு உதவும் வசதி வேறு. ஷாப்பிங் கூப்பன், செய்தி ஃபீட் என்று கேட்காததையெல்லாம் திணித்தால் பிரவுசர் கனமாகும்.

இப்போது ஏஐ அலை. 2025-ல் பெர்ப்ளெக்சிட்டியின் காமெட், ஓபன்ஏஐ-யின் சாட்ஜிபிடி அட்லஸ் ஆகிய பிரவுசர்கள் வந்தன. குரோமில் ஜெமினி சேர்ந்தது. பக்கத்தைச் சுருக்கிச் சொல்வதோடு, உங்கள் சார்பில் கிளிக் செய்யவும் இவற்றில் சில முயல்கின்றன. ஆபத்தும் அங்கேதான். இணையப் பக்கத்தில் மறைத்து வைத்த கட்டளையை ஏஐ உண்மையான உத்தரவாக எடுத்துக்கொள்ளக்கூடும். காமெட்டில் இப்படி ஒரு ஓட்டை இருந்ததை, போட்டி நிறுவனமான பிரேவின் ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளிப்படுத்தினார்கள்.

நல்ல வசதிக்கு மூன்று அடையாளங்கள் சொல்லலாம். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்பட வேண்டும். செட்டிங்ஸைத் தொடாதவர்களையும் பாதுகாக்க வேண்டும். வேண்டாம் என்றால் எளிதாக ஆஃப் செய்ய முடிய வேண்டும்.

உங்கள் போனில் எதைப் பார்க்க வேண்டும்?

1. பாஸ்வேர்ட் சேமிப்பு: இது சோம்பேறிகளுக்கான வசதி என்று நினைக்க வேண்டாம். சேமித்த பாஸ்வேர்டை சரியான முகவரியில்தான் பிரவுசர் நிரப்பும். பேங்க் பக்கம் மாதிரியே இருந்தும் வழக்கம்போல் தானாக நிரப்பவில்லையா? முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். போலியாக இருக்கலாம். போனுக்கு ஸ்கிரீன் லாக் கட்டாயம் இருக்கட்டும்.

2. போலித் தள எச்சரிக்கை: செட்டிங்ஸில் 'சேஃப் பிரவுசிங்' அல்லது அதுபோன்ற பெயரில் இருக்கும். ஆஃப் ஆகியிருந்தால் ஆன் செய்யுங்கள்.

3. பின்தொடர்வதைத் தடுக்கும் வசதி: டீஃபால்ட்டாக இருக்கிறதா, நீங்களே ஆன் செய்ய வேண்டுமா என்று பாருங்கள்.

4. நோட்டிஃபிகேஷன் அனுமதி: 'அலோ' கொடுத்த தளங்களின் பட்டியலைப் பார்த்து, தேவையில்லாததை நீக்குங்கள். மோசடி விளம்பரங்கள் வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

5. எக்ஸ்டென்ஷன்: கம்ப்யூட்டரில் பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை இன்றே நீக்குங்கள். அதே வசதி பிரவுசரிலேயே வந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

6. அப்டேட்: பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடுவது இதில்தான். தள்ளிப்போட வேண்டாம்.

7. இரண்டாவது பிரவுசர்: ஒன்றை இன்ஸ்டால் செய்து ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் பழையதில் இருந்து கொண்டுவர பெரும்பாலான பிரவுசர்களில் வழி இருக்கிறது. பிடித்தால் செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆக்கலாம், பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம்.

கடைசி விஷயம்தான் முக்கியமானது. மாற முடியும், மாறுவார்கள் என்ற நிலை இருக்கும்வரைதான் நிறுவனங்கள் நல்ல வசதிகளை உள்ளேயே கொடுக்கும். யாருமே மாறமாட்டார்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்குப் பிறகு வந்த அந்த ஐந்து ஆண்டுகள் காட்டிவிட்டன.